கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பினாங்கின் லெபோ பாசாரில் நடப்பவனுக்கு ஒரே நேரத்தில் மூன்று பாட்டு கேட்கும். இடப்பக்கம் கேசட் கடையில் ஒன்று, எதிர்ச் சாரியில் புடவைக் கடை வாசலில் இன்னொன்று, முனையில் பூ கட்டும் அம்மாவின் சின்ன ரேடியோவில் மூன்றாவது. இரண்டடி முன்னால் போனால் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். அஞ்சடி நடைபாதைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினால் மேளத்தின் தொம் தொம் மட்டும் மிஞ்சும், குரல் மங்கிவிடும். 1980களின் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் ஒருவனுக்கு இது தினசரி விளையாட்டு. புத்தகப் பையோடு முன்னும் பின்னும் நடந்து, மூன்று பாட்டும் சம அளவில் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிற்பான். வெயிலில் நின்று என்ன செய்கிறான் என்று புடவைக் கடைக்காரருக்குப் புரிந்ததே இல்லை. மிக்ஸிங் என்ற சொல் பையனுக்கும் அப்போது தெரியாது.

கேசட் கடை பையனின் தாய்மாமாவுடையது. புதுக் கேசட்டுகளைவிட அங்கே பட்டியல் கேசட்டுகளுக்குத்தான் கூட்டம். நிபோங் தெபாலிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் ஃபெரி ஏறி வருபவர்கள் காகிதத்தில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, நாசி கண்டார் சாப்பிட்டு, மளிகை வாங்கி, சாயங்காலம் திரும்பும்போது அறுபது நிமிடக் கேசட்டாக வாங்கிக்கொண்டு போவார்கள். பட்டியலில் பாடகர் பெயர் இருக்கும், படத்தின் பெயர் இருக்கும். "எம்.ஜி.ஆர். பாட்டு ஆறு, சிவாஜி பாட்டு ஆறு" என்று எழுதிக் கொடுத்தவர்களே அதிகம். பாடாதவர் பெயரில் பாட்டு இருந்தது. பதிவு செய்தவரின் பெயரில் ஒரு பாட்டும் இல்லை.

மாமாவிடம் நகை ஆசாரி வைத்திருப்பது போன்ற சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்று உண்டு. கடை திறந்ததும் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் டெக்கின் ஹெட்டைத் துடைப்பார். பஞ்சில் காப்பித்தூள் நிறத்தில் ஏதோ ஒட்டி வரும். அது அழுக்கல்ல, நேற்று ஓடிய நாடாக்களிலிருந்து உதிர்ந்த காந்தத் துகள் என்பார். பிறகு ஏதாவது ஒரு ஜானகி பாட்டைப் போட்டுக்கொண்டு, ஹெட்டின் ஓரத்துத் திருகை ஒரு பொட்டு திருப்புவார். குரல் கம்பளிக்குள் போய்விடும். எதிர்ப்பக்கம் திருப்பத் திருப்ப மெல்ல வெளியே வரும். ஓர் இடத்தில் சலங்கையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்கும். அங்கே நிறுத்தி, திருகின் மேல் அத்தையின் நகப்பூச்சில் ஒரு சொட்டு விட்டு அசையாமல் செய்வார். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஹெட் மயிரிழை சாய்ந்தாலும் முதலில் தொலைவது சலங்கை, தாளம், 'ச'கர ஓசை. "பாட்டக் கெடுக்க இவ்வளவு போதும்டா" என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டுவார்.

அப்படியென்றால் மெட்ராஸிலிருந்து இங்கே வரைக்கும் கெடாமல் கொண்டுவந்தது யார் மாமா என்று பையன் கேட்டான். மாமா எல்பி அட்டைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இசையமைப்பாளர் பெயர் இருந்தது. கவிஞர், பாடகர், கம்பெனி எல்லாம் இருந்தது. அதற்குமேல் விலைச் சீட்டுதான்.

விடை வீடியோ கேசட்டில் கிடைத்தது. படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடுமே, யாரும் பார்க்காமல் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில், 'பாடல்கள் ஒலிப்பதிவு' என்று ஒரு வரி வந்து போகும். பாஸ் பட்டனை அழுத்தினால் படம் நடுங்கும், எழுத்தின் மேல் வெள்ளைக் கோடு ஓடும். கோடு விலகும் நேரத்தில் படித்துவிட வேண்டும். அறுபதுகளின் படங்களில் ஜே.ஜே. மாணிக்கம், டி.எஸ். ரங்கசாமி. எண்பதுகளின் படங்களில் எம்மி, எஸ்.பி. ராமநாதன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தான். 'எம்மி' என்பது ஆணா பெண்ணா என்று மாமாவோடு ஒரு வாரம் தர்க்கம் நடந்தது.

அந்தப் பெயர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல, அப்போதைய ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1964இல் 'கர்ணன்' படம் வந்த காலத்தில் பாட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுகிற வசதி இல்லை. வயலின்காரர்கள் வரிசை, புல்லாங்குழல், ஷெனாய், தபலா, டோலக், கோரஸ், பாடகர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் வாசித்துப் பாட வேண்டும். நாலு நிமிடப் பாட்டின் மூன்றாம் நிமிடத்தில் ஒரு வில் தவறினால் மறுபடி முதலிலிருந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கையில் சில மைக்குகளும் அவற்றின் குமிழ்களும்தான். பல்லவி முடியும் அதே கணத்தில் பாடகரின் மைக்கை இறக்கி வயலின்களைத் தூக்க வேண்டும். அடுத்த சரணத்துக்கு முந்திய மூச்சில் திரும்பவும் பாடகரைத் தூக்க வேண்டும். பிந்தினால் முதல் எழுத்து போச்சு, முந்தினால் வயலின்காரர் தாள் புரட்டுவது கேட்கும். குமிழ் திருப்புவதற்கு மேல், யாரை எங்கே உட்கார வைப்பது என்பதே பாதி வேலை. புல்லாங்குழலை மைக்குக்குப் பக்கத்தில், டோலக்கைத் தூரத்தில், பித்தளை வாத்தியங்களை இன்னும் தூரத்தில். லெபோ பாசாரில் பையன் தன் காலால் செய்ததை அவர்கள் வாத்தியக்காரர்களின் நாற்காலியை நகர்த்திச் செய்தார்கள்.

அந்தப் பாட்டுகளில் ஆர்மோனியக்காரர் பெயரையும் மெட்டுக்கு வந்த முதல் வார்த்தையையும் பற்றிப் பேசிப் பேசித் தமிழர்கள் ஓய்ந்ததில்லை. நாற்காலி நகர்த்தியவரைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை.

பையனுக்குப் பதினைந்து வயதாகும்போது மாமா அவனை லெபோ கிங்கில் ஒரு கடைவீட்டின் மாடிக்கு அனுப்பினார். கீழே அரிசி மூட்டை அடுக்கிய கிட்டங்கி. மரப்படி ஏறினால் ஒரு ஒலிப்பதிவுக் கூடம். கூடம் என்பது கொஞ்சம் மரியாதையான சொல். நடத்தியவரைத் தெருவில் எல்லாரும் 'டேப் அண்ணே' என்பார்கள். சிங்கப்பூரில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனியில் கேபிள் சுருட்டுபவராகத் தொடங்கி, வெள்ளைக்கார இன்ஜினியர்களுக்கு மைக் வைத்துப் பழகி ஊர் திரும்பியவர். சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொன்னவர்களை விரட்டிவிட்டார். "முட்டை அட்டை சத்தத்த நிறுத்தாது, கரப்பானத்தான் வளர்க்கும்." பழைய பஞ்சு மெத்தைகளும் சணல் கோணிகளும் தொங்கின. பாடுபவர் நிற்க ஒரு மூலையைப் பலகையால் அடைத்து, எங்கோ இடித்த கடையிலிருந்து வாங்கிய கதவுக் கண்ணாடியை நடுவில் பொருத்தியிருந்தார். எதிரொலி வேண்டுமானால் டைல்ஸ் பதித்த குளியலறையில் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும். குழாய் சொட்டாமல் வாயில் துணி கட்டுவது பையனின் முதல் பொறுப்பு.

மேசைமேல் நாலு டிராக் கேசட் பதிவுக்கருவி. டீயாக் கம்பெனி 1979இல் முதன்முதலாகக் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோவின் வழிவந்தது. சாதாரணக் கேசட்தான், ஆனால் ஒரே பக்கமாக நாலு தடம். ஆர்மோனியம், மிருதங்கம், கஞ்சிரா மூன்றையும் முதல் மூன்று தடத்தில் எடுத்து, கலந்து நாலாவதில் இறக்கிவிட்டு, காலியான மூன்றிலும் பாட்டையும் கோரஸையும் எடுக்கலாம். ஒருமுறை இறக்கிவிட்டால் இறக்கியதுதான். கஞ்சிரா கொஞ்சம் கூடிப்போச்சே என்று பிறகு பிரிக்க முடியாது. கோழி முட்டையை ஆம்லெட் போட்ட பிறகு மஞ்சளைத் தனியாகக் கேட்கிற கதை என்பார் டேப் அண்ணே.

சுவரில் கேலண்டருக்குப் பக்கத்தில் தொழுகை நேர அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் பேனாவால் அம்மன் கோயில் பூசை நேரங்கள். ஒரு தெரு தள்ளி 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அடுத்த தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். பாங்கும் மணியும் மெத்தையைத் துளைத்துக்கொண்டு வரும். ஆகவே ஒலிப்பதிவு என்பது அந்த அட்டவணைகளுக்கு நடுவே கிடைக்கும் நேரம். மழை வந்தால் கூரைத் தகரம் பேசும். அன்று வேலை இல்லை. டேக் எடுக்கும்போது விசிறி ஓடக்கூடாது. பினாங்கின் புழுக்கத்தில் பாகவதர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாடியதுண்டு.

பாங்கு முடியக் காத்திருக்கும் நேரத்தில்தான் டேப் அண்ணேயின் கதைகள். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்த கதை. மைக் கிடையாது, தகரக் கொம்பு ஒன்றுதான். அதற்குள் முகம் வைத்துப் பாட வேண்டும். உச்ச ஸ்தாயியில் பாடகரைப் பின்னுக்கு இழுப்பதும் கீழ் ஸ்தாயியில் முன்னுக்குத் தள்ளுவதும்தான் அன்றைய மிக்ஸிங். தட்டு ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவனுக்கு எந்தத் தட்டில் யார் என்று தெரியாது. அதனால் பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அடுத்த ஆண்டு கெய்ஸ்பெர்க் அதே கொம்போடு சிங்கப்பூர் வரை வந்தார். "கொம்பு பிடிச்சவன் பேர யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு டேப் அண்ணே பீடி பற்றவைப்பார். கெய்ஸ்பெர்க் பெயர் நமக்குத் தெரிந்திருக்கிறதே என்று பையன் சொல்லவில்லை, பிறகு தோன்றியது.

இன்னொரு நாள் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் கதை. 1966இல் பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' தட்டுக்கு உட்கார்ந்தபோது அவருக்கு வயது இருபது. தலாய் லாமா மலையுச்சியிலிருந்து ஓதுவதுபோல் தன் குரல் கேட்க வேண்டும் என்றார் ஜான் லெனன். எமெரிக் அந்தக் குரலை ஆர்கனுக்கான சுழலும் ஸ்பீக்கர் வழியே ஓட்டி, அதைப் பதிவு செய்தார். பெரிய டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, ஸ்டூடியோ விதி அனுமதித்ததைவிட நெருக்கமாக மைக்கை வைத்தார். உலகம் டிரம் அடித்தவரைப் பாராட்டியது. கம்பளிச் சட்டையைச் சொல்லிச் சிரிக்கும்போது டேப் அண்ணேவுக்குக் கண் கலங்கும், பீடிப் புகையாகவும் இருக்கலாம்.

தைப்பூசத்துக்கு முன் ஒரு முருகன் பாடல் கேசட் வேலை வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வந்த வித்வான் மிருதங்கம் வாசித்துவிட்டுக் கடைசி ஃபெரிக்குப் போய்விட்டார். மிருதங்கம் இரண்டாவது தடத்தில். அடுத்து கோரஸ் எடுக்க மூன்றாவது தடத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். பையன் இரண்டை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிவதை டேப் அண்ணே பார்த்து நிறுத்துவதற்குள் இரண்டு ஆவர்த்தனம் அழிந்திருந்தது.

அவர் திட்டவில்லை, அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பாட்டைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, அதே நடையில் மிருதங்கம் மட்டும் போகிற இடம் ஒன்றைத் தேடினார். முதல் சரணத்துக்குப் பின்னால் இருந்தது. அதை இன்னொரு டெக்கில் தனியாக எடுத்துக்கொண்டார். பிறகு இந்தக் கருவி ஓட ஓட, விரலால் தாளம் எண்ணி, சரியான தட்டில் அந்த டெக்கின் பிளே பொத்தானை அழுத்தினார். பொத்தான் அழுத்துவதற்கும் நாடா ஓடத் தொடங்குவதற்கும் ஒரு நொடியில் சிறு பங்கு இடைவெளி உண்டு. அதையும் விரல் கணக்கு வைக்க வேண்டும். முந்தியது, பிந்தியது, மறுபடி முந்தியது. இரண்டு டெக்கின் வேகமும் எள்ளளவு வேறு. முதல் தட்டு சேர்ந்தால் கடைசித் தட்டு விலகியது. வேகத் திருகை ஒரு பொட்டு தளர்த்தி மறுபடி. ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கி, கீழே பூனைகள் சண்டை முடித்துத் தூங்கிய பிறகு, பன்னிரண்டு தாண்டி உட்கார்ந்தது. கேசட் வெளிவந்ததும் வித்வான் முழுதும் கேட்டார். தன் கை நன்றாக வந்திருக்கிறது என்றார். டேப் அண்ணே தலையாட்டினார்.

கேசட் அட்டை கலர் கலராக வந்தது. வேலோடு முருகன், கீழே நன்கொடையாளர்கள் ஏழு பேர் படம், விளக்கேற்றி வைத்தவர், மாலை உபயம், அச்சகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும். பதிவு செய்தவர் பெயர் இல்லை. பையன் மாமா கடைக்கு வந்த கட்டிலிருந்து இருபது கேசட்டை எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் பின்னால் அந்தப் பெயரை எழுதினான். பாதி விற்ற பிறகு டேப் அண்ணேவுக்குத் தெரிந்து, அன்றைக்குத்தான் திட்டினார்.

பதிந்தவர் பெயர் தெரியாமல் போவதற்கு ஊரறிந்த உதாரணமும் இங்கே உண்டு. பினாங்கில் பிறந்த அல்லி கேட்ஸ் குழுவை, டேவிட் ஆறுமுகத்தையும் 2007இல் மறைந்த அவர் தம்பி லோகநாதனையும் தெரியாத வீடு இந்தத் தீவில் குறைவு. இரண்டு தமிழ்ப் பையன்கள் மலாய்ப் பாட்டால் நாட்டையே ஆட்டுவித்தார்கள். மாமா கடையில் தமிழல்லாத பாட்டு ஓடியது அவர்களுக்காக மட்டும்தான். அந்தக் குரல்களைத் தட்டில் உட்கார வைத்தவர் யார் என்று பையன் கேட்டால், "பாட்டு நல்லாருக்கில்ல, கேளு லா" என்று பதில் வரும்.

ஸ்டீரியோவின் ருசி இந்தத் தெருவுக்கு 'ப்ரியா'வோடு வந்தது. 1978 படம், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எடுத்தது. தமிழில் ஸ்டீரியோ பாடல்களுக்கு முன்னோடி என்று பேர் வாங்கியது. மாமா இரண்டு ஸ்பீக்கரை வாசலின் இரு தூண்களிலும் கட்டியது அந்தக் கேசட்டுக்காகத்தான் என்று அத்தை சொல்வார். ஆனால் அடுத்த அதிர்ச்சிக்குப் பையன் நேரடிச் சாட்சி. 1992இல் 'ரோஜா' வந்தது. அதே ஸ்பீக்கர், அதே டெக். டேப் அண்ணே தெருவில் போகிறவர் நின்றுவிட்டார். இரண்டு பாட்டு முடியும்வரை அஞ்சடியில் நின்று கேட்டுவிட்டு, "பாட்டுக்குள்ள இடம் இருக்கு பாரு" என்றார். வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை, அடிநாதம் கரகரக்கவில்லை, குரலைச் சுற்றிக் காற்று இருந்தது. ஏ.ஆர். ரகுமானுக்கு அது முதல் படம் என்று அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எச். ஸ்ரீதர் என்று ஒருவர் இருந்தார் என்பது தெரியப் பையனுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. ரகுமானின் கேசட் அட்டைகளில் வாசித்தவர் பெயரும் பதிந்தவர் பெயரும் பொடி எழுத்தில் வரத் தொடங்கிய பிறகு, மாமாவின் மூக்குக் கண்ணாடியைப் பூதக்கண்ணாடியாகப் பிடித்துப் படித்தான்.

ஸ்ரீதர் சென்னை மீடியா ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்டூடியோக்காரர். ரகுமானோடு சேர்த்தே பேசப்பட்டாலும், அவருடைய முதல் தேசிய விருது இளையராஜா இசையமைத்த 'மகாநதி'க்குக் கிடைத்தது. அதன்பின் 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' என மொத்தம் நான்கு. 2008 டிசம்பர் 1 அன்று மாரடைப்பில் இறந்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' பாடல் தொகுப்புக்கு 2010இல் கிராமி கிடைத்தபோது விருதுக்குரியவர் வரிசையில் அவரும் இருந்தார். ரகுமான் மெட்டுகளைப் பற்றி எத்தனையோ கட்டுரை வந்திருக்கிறது. அந்த மெட்டுகள் 1992இல் ஒரு மலிவு ஸ்பீக்கரில், லாரி போகும் தெருவில், அத்தனை தெளிவாக நின்றது எப்படி என்பதற்கும் ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும் என்பது பையனின் எண்ணம். பையன் என்று இன்னும் சொல்வது வழக்கத்தால், காதோரம் நரைத்துவிட்டது.

மாமா கடை இப்போது மொபைல் உறை விற்கும் கடை. லெபோ கிங் மாடியில் பயணிகள் தங்கும் விடுதி. கொம்தார் கட்டடத்தில் 2016இல் பினாங்கு இசை இல்லம் என்று ஒரு காட்சியகம் திறந்தபோது அவன் போய்ப் பார்த்தான்; பழைய தட்டுகளையும் வாத்தியக்காரர் படங்களையும் பார்த்துக்கொண்டே, ஒரு ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்வான். பினாங்கின் ஈரம் கேசட்டுகளைச் சும்மா விடாது. அவனிடம் மிஞ்சிய நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சை. போன ஆண்டு ஒரு வாரம் உட்கார்ந்து துடைத்து, நிழலில் ஆறவைத்து, கணினியில் ஏற்றினான். அதில் அந்த முருகன் கேசட்டும் ஒன்று.

ஒட்டிய இரண்டு ஆவர்த்தனம் எங்கே என்று ஹெட்போனில் மூன்று முறை தேடியும் கிடைக்கவில்லை. ஆனால் கணினியில் ஒலியைப் பெரிதாக்கியபோது வேறொன்று கிடைத்தது. ஐந்தாவது பாட்டுக்கு முன்னால், இரைச்சலுக்கு அடியில், தூரத்தில் பாங்கின் கடைசி இழுப்பு. அது அடங்கியதும் தொண்டையைச் செருமும் ஒலி, பிறகு தணிந்த குரலில் "ம்... போலாம்."

அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பாயான் பாருவில் மகன் வீட்டில் இருக்கும் டேப் அண்ணேவின் போனுக்கு அனுப்பினான். எண்பது வயதுக்காரர் திரும்பக் கூப்பிட்டார். "அத ஏன்டா விட்டே? அன்னிக்கே வெட்டியிருக்கணும். நாலாவது பாட்டு முடிஞ்சு ஆறு செகண்டு விட்டு ஃபேடர இறக்கச் சொன்னேனே, நீ எங்க பாத்துக்கிட்டு இருந்தே?"